பொட்டு பறக்காது, பூ பறக்கும்

விமானப்படைத் தளத்தின் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஓர் ஆம்புலன்ஸிலிருந்து செவந்திப் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாலையை முழுசாகக் கழற்றியிருந்தால் ஒரு நிமிட வேலை. கோபத்தில் நான் இழுத்த இழுப்பில் நூல் அறுந்து, பூவெல்லாம் வைப்பர் இடுக்கிலும் முன்பக்க வலையிலும் உதிர்ந்துவிட்டது. இனி இதழ் இதழாகத்தான் எடுக்க வேண்டும்.

வண்டிக்குள்ளே ஸ்டெல்லா டீச்சர் படுத்திருந்தார். அல்சூர் பக்கம் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய், முகத்தை இறுக்கிப் பிடித்த மாஸ்க் வழியாக ஒரு கருவி காற்றைத் தள்ளித் தள்ளித்தான் மூச்சு நடந்துகொண்டிருந்தது. சென்னையில் அவருக்குப் பொருந்தும் நுரையீரல் கிடைத்திருக்கிறது, மதியம் ஒரு மணிக்குள் ஆளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அங்கிருந்த ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்போது மணி பத்தேகால்.

நூறு அடி தள்ளி விமானம் தயாராக நின்றது. நடுவில் இந்தப் பூ.

ஆயுத பூஜை இதழ் வருகிறது, பண்டிகைக்கு ஏற்ற மாதிரி சந்தோஷமாக ஒரு அத்தியாயம் எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டார். ஆயுத பூஜை என்றால் எனக்கு நினைவு வருவது இதுதான். அவர் தலையெழுத்து.

ரெண்டு மணி நேரம் சார்

இந்தத் தொடரைப் புதிதாகப் பிடித்தவர்களுக்காக: விமானப்படையில் பதினெட்டு வருடம் மெடிக்கல் அசிஸ்டென்ட்டாக இருந்துவிட்டு, அடுகோடியில் வீடு பார்த்துக்கொண்டு, ஓசூர் ரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஊர் விட்டு ஊர் அனுப்பும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். மேசை என்றால் இரண்டு போன், ஒரு கம்ப்யூட்டர், தீராத தலைவலி.

அன்று விடிந்ததும் சென்னையிலிருந்து தகவல் வந்தது. தனியார் ஏர் ஆம்புலன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். வருகிறோம் என்றார்கள். அரை மணி கழித்து, எரிபொருள் கசிகிறது, சின்னக் கோளாறு, ரெண்டு மணி நேரம் என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டேன். அப்போதும் ரெண்டு மணி நேரம்.

"தம்பி, ஏழு மணிக்கும் ரெண்டு மணி நேரம்னீங்க. எட்டு மணிக்கும் ரெண்டு மணி நேரம்ங்கறீங்க. உங்க கடிகாரம் ஓடுதா, நிக்குதா?"

"சார், இன்ஜினியர் பாத்துட்டே இருக்கார் சார். ரெண்டே மணி நேரம்."

ரோட்டில் போகலாம் என்றால், நாலு நாள் லீவுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஓசூர் ரோட்டில் நின்றது. பொம்மசந்திராவில் லேத் வேலை பார்க்கும் டீச்சரின் கணவர் அருள், அந்த ரோட்டில்தான் அன்றாடம் போய் வருகிறவர். "ராத்திரி ஷிப்ட் முடிச்சு பைக்ல வரவே ஒன்றரை மணி நேரம் ஆச்சு சார். ஆம்புலன்ஸ் நகராது" என்றார். அவர் கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. அந்தக் கையோடு வார்டு வாசலில் நின்றுகொண்டு, நான் போனை வைக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாத எரிச்சலில் கம்பெனிக்காரனை இன்னும் நாலு திட்டு திட்டினேன்.

மிச்சமிருந்தது விமானப்படை. என் பழைய வீடு. போன் போட்டேன்.

உயிர் போகிற காரியம் என்றால் விமானப்படை தட்டிக்கழிக்காது. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தனியார் விமானம் இல்லை என்று தெரிய வேண்டும், அரசாங்கம் கேட்டு எழுத வேண்டும். டாக்சி மாதிரி கூப்பிட்டவுடன் வந்தால் நாளைக்கு எல்லாருக்கும் அதுவே வழக்கமாகிவிடும். முறை சரிதான். அந்த வரிசையில் நானும் ஒரு காலத்தில் மறுபக்கம் நின்று, "லெட்டர் எங்கே?" என்று கேட்டவன்தான்.

தனியார் கம்பெனிக்காரன் 'விமானம் இல்லை' என்று எழுதித் தர மாட்டேன் என்றான். எழுதினால் கம்பெனி பேர் கெடுமாம். விமானம் இருக்கிறதாம், பறக்கத்தான் ரெண்டு மணி நேரம் ஆகுமாம். தளத்திலிருந்து பேசிய அதிகாரிதான் வழி சொன்னார். "இல்லைன்னு எழுத வேண்டாம். எத்தனை மணிக்குக் கிளம்பும்னு உறுதியா சொல்ல முடியலைன்னு எழுதச் சொல்லுங்க, போதும்." அதை உடனே எழுதி அனுப்பிவிட்டான். காலையிலிருந்து இதைத்தானே அவன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தான்!

சீல் பூஜையில் இருக்கிறது

அடுத்தது அரசாங்கக் கடிதம். அவசர உதவிப் பிரிவு அலுவலகத்தில் லீவு நாளிலும் ஒருவர் இருப்பார். இருந்தார். மஞ்சப்பா என்று பேர், நல்ல மனிதர். கன்னடக்காரர், ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். மேலதிகாரி வீட்டிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் பூஜை என்று அப்போதே கிளம்பிவிட்டார். கடிதம் தயார். ஆனால் மஞ்சப்பா அனுப்பவில்லை.

"சீல் இல்ல சார்."

"சீல் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. பூஜையில இருக்கு."

படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அலுவலகத்தில் பூஜை போட்டிருக்கிறார்கள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர், பேனா, ஸ்டேப்ளர், சீல், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். விஜயதசமி அன்று மறுபூஜை பண்ணித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தொடக் கூடாது.

"மஞ்சப்பா, கையெழுத்து இருக்கு. அவங்க சீலைப் பாக்க மாட்டாங்க. ஸ்கேன் பண்ணி அனுப்புங்க."

"சீல் இல்லாம லெட்டர் வெளிய போனா நாளைக்கு என்னை கூப்பிட்டுக் கேப்பாங்க சார். சீலை எடுத்தா சாமி கேக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

இதற்கு மேல் கத்தினால் போனை வைத்துவிடுவார் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வீடியோ காலில் வரச் சொன்னேன். வந்தார். பின்னால் சரஸ்வதி படமும், வாழைப்பழத்தில் குத்திய ஊதுவத்தியும், ஒரு தட்டு நிறையப் பொரியும் தெரிந்தன.

"சூடம் இருக்கா?"

"இருக்கு."

"ஏத்துங்க. காட்டிட்டு, படத்தை ஒரு விரக்கடை வடக்கே நகத்துங்க. மறுபூஜை முடிஞ்சிடுச்சு. சீலை எடுங்க."

"இன்னிக்கேவா? நவமி இன்னும் முடியலையே சார்."

"மஞ்சப்பா, இங்க ஒரு பொம்பளை மூச்சு முடிஞ்சிடும்!"

செருப்பைக் கழற்றிவிட்டு, சூடம் ஏற்றி, நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினார். எனக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரு யுகம். படத்தை நகர்த்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சீலை எடுத்தார். கடிதம் வந்தபோது அந்த வட்ட முத்திரையின் ஓரத்தில் குங்குமமும் பதிந்திருந்தது. "யார் சொல்லி எடுத்தேன்னு கேட்டா?" என்றார். என் பேரைச் சொல்லுங்கள் என்றேன்.

இப்போது நினைத்தால், அன்று காலையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

மறுபடியும் பூவுக்கு

ஊரின் தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டும். போலீஸ் வழிவிட்டது. வழியெல்லாம் தெருவுக்குத் தெரு உடைத்த பூசணிக்காய். டிரைவர் நாகராஜா வளைத்து வளைத்து ஓட்டினான். பின்னால் நானும், டீச்சரின் தலைமாட்டில் டாக்டர் வசுதாவும். அருளுக்கு இடமில்லை. கடிதத்தில் டீச்சரோடு சேர்த்து மூன்று பேர்தான். "நான் பைக்ல வந்துடறேன், நீ போ" என்று மனைவியின் காலைத் தொட்டுவிட்டு இறங்கினார். சென்னைக்குப் பைக்கில்!

தளத்தின் வாசலில் வாரண்ட் ஆபீசர் ஒருவர் கையை நீட்டி வண்டியை மறித்தார். பாலக்காட்டுக்காரர், பேர் உண்ணி. என் வயதுதான் இருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகப்பில் ஆள் தடிமனுக்கு மாலை, இரண்டு பக்கமும் கம்பியால் கட்டிய வாழைக்கன்று, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை மிளகாய், டிரைவர் கதவைத் திறந்தால் கொட்டுகிற பொரி.

"இதொண்ணும் உள்ளே வரப் பாடில்ல சாரே. ஒரு பூகூட வரக் கூடாது."

"பேஷன்ட் சீரியஸ் உண்ணி சார்."

"அதான் சொல்றேன். ப்ரொப்பல்லர் காத்துல இதெல்லாம் பறந்து இன்ஜின்ல போகும். அப்புறம் உங்க பேஷன்டும் போக மாட்டாங்க, என் விமானமும் போகாது."

சரியாகத்தான் சொன்னார். அதுதான் என் எரிச்சல். நான் சர்வீஸில் இருந்தபோது காலையில் ஓடுபாதையில் தோளோடு தோள் உரசி வரிசையாக நடப்போம். குனிந்த தலை நிமிராமல், ஒரு கல், ஒரு திருகாணி, ஒரு காகிதத் துண்டு கிடந்தாலும் பொறுக்கிப் பைக்குள் போட வேண்டும். மருத்துவப் பிரிவு என்று விலக்குக் கிடையாது. அப்படிப் பதினெட்டு வருடம் குனிந்து நடந்த நான், பூப்பந்தல் மாதிரி ஒரு வண்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். கண்ணில் படவில்லை.

நாகராஜா மாலையைக் கழற்ற மாட்டேன் என்றான். "பேடா அண்ணா, வேண்டாம். நேத்து போட்ட மாலையை இன்னிக்கே பிச்சா வண்டிக்கு ஆகாது. பாதி வழியில நின்னுடும்."

"வண்டி நின்னா நிக்கட்டும்டா. அந்தம்மா மூச்சு நிக்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டே இழுத்ததில்தான் நூல் அறுந்தது.

மூன்று பேரும் பொறுக்கினோம். நாகராஜா முணுமுணுத்துக்கொண்டே பொரியைக் கையால் வழித்தான். உண்ணி எங்களைத் திட்டிக்கொண்டே தானும் மண்டியிட்டு, டயர் இடுக்கிலிருந்த நசுங்கிய எலுமிச்சையை ஸ்குரூ டிரைவரால் நோண்டினார். எதிரே விமானத்தை இழுக்கும் டிராக்டர் நின்றது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க டிராக்டருக்கு மட்டும் பூஜை ஆகலாமோ?"

அவர் நிமிரவேயில்லை. "பொட்டு பறக்காது சாரே. பூ பறக்கும்."

பதினைந்து நிமிடம் போயிற்று. கடைசி இதழை எடுத்தபோது என் விரலெல்லாம் மஞ்சள். செவந்தி வாசனை இன்றைக்கும் எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கியதும்

எங்கள் ஆம்புலன்ஸ் போய் விமானத்தின் பின்கதவை ஒட்டி நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்காக, டீச்சரின் மூச்சுக் கருவியின் பிளக்கை வண்டியின் சாக்கெட்டிலிருந்து நானே பிடுங்கினேன். கருவி உடனே அதன் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும்.

மாறவில்லை. ஒரு நீளக் கூவல், பிறகு திரை கருப்பு.

டீச்சரின் கண்கள் விரிந்தன. நான் பிளக்கைத் திரும்பச் சொருகினேன். கருவிக்கு உயிர் வந்தது. திருப்பிப் பார்த்தேன். பேட்டரி இருக்க வேண்டிய இரண்டு பொந்தும் காலி.

"பேட்டரி எங்கே சாரே?" என்றார் உண்ணி.

"பூஜையில இருக்கு" என்றேன்.

ஆமாம். எங்கள் ஆஸ்பத்திரியிலும் முந்தின நாள் பூஜை. மேசை நிறையக் கருவிகள். மேலே இருக்கிற கருவிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, பாவம் உழைக்கிறது பேட்டரிதானே, அதையும் தனியாக எடுத்து வரிசையாக வையுங்கள் என்று ஒருவன் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தான். அந்த ஒருவன் நான். போட்டோகூட எடுத்து குரூப்பில் போட்டேன். காலையில் அவசரத்தில் மேசையிலிருந்து கருவியைத் தூக்கி வந்தவனும் நான். பேட்டரிகள் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சாமந்தி சூடிக்கொண்டு இருந்தன. கருவி வழி முழுக்க வண்டியின் கரண்டில் ஓடியதால் எனக்குத் தெரியவில்லை.

விமானத்தின் மின்சாரம் வேறு வகை, எங்கள் பிளக் அதற்கு ஒத்துவராது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் வர இரண்டு மணி நேரம். அந்தக் கம்பெனிக்காரனின் இரண்டு மணி நேரம்தான்.

டாக்டர் வசுதா என்னைத் திட்டவில்லை. "தனசேகர், கையால அழுத்த முடியுமா உங்களால? சென்னை வரைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

சர்வீஸில் ஒரு தடவை செய்திருக்கிறேன். மலை உச்சிக் காவல் சாவடியிலிருந்து ஒரு சிப்பாயை ஹெலிகாப்டரில் இறக்கும்போது, ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி முக்கால் மணி நேரம் மூச்சுக் கொடுத்தேன். அவர் பிழைத்தார். எனக்கு ஒரு வாரம் கட்டைவிரல் மடங்கவில்லை. இந்தக் கதையை ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கடைசியில் ஒரு உபதேசமும் உண்டு: கிளம்புவதற்கு முன்னால் பேட்டரியைப் பார்.

"முடியும்" என்றேன்.

ஒரு மணி நேரம்

ஸ்ட்ரெச்சர் விமானத்தின் தரையில் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டது. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில். டாக்டர் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிக்க, நான் முழங்காலில் நின்று பையை அழுத்தினேன். மயக்கத்தில் இருக்கிற ஆளுக்கு அழுத்துவது சுலபம். டீச்சர் முழு நினைவோடு இருந்தார். அவர் மூச்சை இழுக்கும் நேரமும் நான் அழுத்தும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் திணறல்தான். இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. அவர் நெஞ்சைப் பார்த்து, கண்ணைப் பார்த்து அழுத்த வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் தடுமாறினோம். பிறகு எப்படியோ படிந்துவிட்டது. என் கை மூடுகிற நேரத்தில் அவர் மூச்சு வந்தது. இருபது நிமிடத்தில் கட்டைவிரல் மரத்தது. கை மாற்றிக்கொண்டேன். மனதுக்குள் திட்டிக்கொண்டே அழுத்தினேன். கம்பெனிக்காரனை, மஞ்சப்பாவை, நாகராஜாவை, லீவு விட்ட அரசாங்கத்தை, எல்லாரையும் வரிசையாகத் திட்டி முடித்தேன். விமானம் பாதி வழி போவதற்குள் பட்டியல் தீர்ந்துவிட்டது. மிச்சம் ஒரே ஆள்தான் இருந்தான். அவனை மீதி வழி முழுக்கத் திட்டினேன்.

விமானத்தடியில் காத்திருந்த அவர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றி, பன்னிரண்டரைக்குச் சென்னை ஆஸ்பத்திரியின் வாசலில் இறக்கினோம். வண்டியில் அவர்களுடைய கருவியை மாட்டியபோதும் என் கை காற்றில் அழுத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் ஒருத்தி பிடித்து நிறுத்தினாள். அருள் ராத்திரி வந்து சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது.

பயணக் குறிப்பில் 'கருவி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். டாக்டர் வசுதா அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் எனக்கு சால்வை போட்டார்கள். கூச்சமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

ஒரு போன்

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிறது. இப்போது எங்கள் மேசையில் ஆயுத பூஜைக்குக் கருவி வராது. பூஜைதான் கருவியிடம் போகும். சார்ஜில் இருக்கிறபடியே ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஏன் என்று புதுப் பையன்கள் கேட்டால், அது அப்படித்தான் என்று எரிந்து விழுவேன்.

இந்த அத்தியாயத்தை எழுதும் முன் ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் கதை, அவர் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது. பள்ளிக்கூட இடைவேளை நேரம். பின்னால் பிள்ளைகள் சத்தம். மாடிப்படி ஏறிக்கொண்டே பேசினார். மாடிப்படி!

பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். மேசை, பொட்டு, போட்டோ, எல்லாம். கருவி ஒத்துழைக்கவில்லை என்று எழுதினது பொய் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. படி ஏறின மூச்சு. யாரும் அழுத்தாமல் தானாக வருகிற மூச்சு. ஒரு மணி நேரம் அதை எண்ணினவன் என்பதால் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"அதுக்குத்தானா சார் அப்படி ஒரு மூஞ்சி?" என்றார்.

"எப்படி டீச்சர்?"

"மாஸ்க்குக்கு மேல எனக்கு உங்க மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. வழி பூரா அவ்ளோ கோவமா இருந்தீங்க. என்மேலதான் கோவம்னு நெனச்சேன். எல்லாருக்கும் லீவு நாள், என்னால இவ்ளோ தொந்தரவுன்னு. இன்னும் கோவம் வந்துடக் கூடாதேன்னுதான் சார், உங்க கை எப்ப மூடுதுன்னு பாத்துப் பாத்து மூச்சு விட்டேன்."

நான்தான் அவர் மூச்சுக்குத் தகுந்த மாதிரி அழுத்தினேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சால்வையும் அதற்குத்தான் வாங்கினேன்.

"உங்கமேல இல்ல டீச்சர்" என்றேன். மணி அடித்தது, கிளாஸ் இருக்கு சார் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.